கடலுக்குப் போகாத நாளில் கூடும் கூட்டம்

நலிந்த நகர்ப்புறக் குடியிருப்புகளில் மக்கள் பங்கேற்பை வளர்ப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விழிப்புணர்விலிருந்துதான் தொடங்குவார்கள். நான் நேரத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் முதலில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஊக்குநராகவும், பிறகு நகராட்சிக் குடியிருப்புகளைச் சுற்றிவரும் சமுதாய அமைப்பாளராகவும் வேலை பார்த்த ஆண்டுகளில், கூட்டத்துக்கு ஆள் வராததற்கு மக்களின் அக்கறையின்மையே காரணம் என்று சொன்ன பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டம் காலை 11 மணிக்கு வைக்கப்பட்டதைக் காரணமாகச் சொன்ன ஒருவரையும் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் பொழுதைக் கடல்தான் வகுக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகள் மற்ற 4 நாளும் தொழிலுக்குப் போவது நெடுநாளைய ஏற்பாடு. ஆகவே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவருக்கு ஓய்வு ஒரே நாளில் அமைவது அபூர்வம். படகு கரை சேரும் வேளையில் பெண்கள் ஏலத்திலும், மீனைப் பதப்படுத்தும் கொட்டகையான வாடியிலும் இருப்பார்கள். மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, கழிந்ததைக் கருவாட்டுக்குக் காயவைத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும்போது குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஆகியிருக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கப் போகிறவர்களுக்கோ அமாவாசையையும் பௌர்ணமியையும் சுற்றிய நாள்களே வேலை நாள்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பதால் கூட்டம் போட அதுவே தோதான காலம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். படகையும் வலையையும் பழுது பார்க்கக் கடனுக்கு அலையும் மாதங்கள் அவை. சேமிப்பைப் பற்றிப் பேச அதைவிடப் பொருந்தாத காலம் கிடையாது. ஆனால் தெருவின் சாக்கடையையும் விளக்கையும் ஆண்களும் உடன் நின்று பார்க்க அதைவிட நல்ல காலமும் கிடையாது. எதைப் பேசப்போகிறோம் என்பதை வைத்தே எப்போது பேசுவது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

எனவே எந்தக் குடியிருப்பிலும் நாங்கள் செய்த முதல் வேலை கூட்டம் கூட்டுவதாக இருக்கவில்லை. தெருவில் யார் எந்த நாளில், எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்பதை ஒரு நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதினோம். படகு நாள், பாசி நாள், ஏல நேரம், தண்ணீர் நேரம், தேவாலயத்தில் ஜெபமாலை, பள்ளிவாசலில் மக்ரிப் தொழுகை, கோயில் கொடை, பள்ளித் தேர்வு எல்லாம் அதில் ஏறின. இவ்வளவும் கழிந்து மிஞ்சிய நேரம் வெகு சொற்பம்; பெரும்பாலும் இரவு எட்டுக்கு மேல் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் முடியாத கூட்டத்தை நடத்தக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டோம்.

இடமும் அப்படித்தான். கலந்து வாழும் தெருக்களில் ஒரு சமூகத்தாருக்குரிய மண்டபத்தில் கூட்டம் போட்டால் அடுத்த சமூகத்தார் வருவார்கள், ஆனால் வாசலிலேயே நிற்பார்கள். அங்கன்வாடிக் கட்டடம், ரேஷன் கடைக்கு முன்னால் உள்ள திறந்தவெளி, வலை பழுது பார்க்கும் கொட்டகை ஆகியவை நல்ல இடங்கள். கொட்டகையில் ஒரு சங்கடம் உண்டு: அது ஆண்களின் இடம் என்பதால் பெண்கள் ஓரமாக உட்காருவார்கள். அங்கன்வாடியில் அது தலைகீழாகும். குழந்தைகளுக்கான குட்டை நாற்காலிகளில் உட்கார முடியாமல் ஆண்கள் நெளிவதைப் பார்த்துப் பெண்கள் சிரிக்கத் தொடங்கினால், அன்றைக்குப் பேச்சு நன்றாக நடக்கும்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் தருமபுரியில் தொடங்கியது. இன்று எங்கள் கடற்கரையிலும் குழுவில் இல்லாத பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இக்குழுக்களைக் கடன் வாங்கும் அமைப்பாக மட்டும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் கணிப்பில், அவற்றுக்குள் இருக்கும் பெரிய சொத்து தீர்மான நோட்டு. யார் வந்தார்கள், என்ன பேசினோம், என்ன முடிவு, யார் பொறுப்பு என்று வாரந்தோறும் எழுதிக் கையெழுத்திடும் பழக்கம், பல நகரசபைகளில் இருப்பதைவிட ஒழுங்காக நம் குழுக்களில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைச் சேமிப்பு, கடன் என்ற எல்லையிலிருந்து எடுத்துத் தெருவின் காரியத்துக்குப் பயன்படுத்தியதுதான் நாங்கள் கண்ட முக்கியமான மாற்றம். புதிதாக ஒரு பயிற்சி தேவைப்படவில்லை; கையில் இருந்த திறனுக்கு வேறொரு வேலை கொடுத்தோம், அவ்வளவுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இதில் பின்தங்கிவிடுவார்களே என்ற கேள்வி எழும். ஒரு குடியிருப்பில் மீன் வியாபாரம் செய்யும் மூதாட்டி ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். காலை ஏலத்தில் யார் எவ்வளவுக்கு எந்தக் கூடையை எடுத்தார்கள், யார் பாக்கி, யாருக்குப் பாக்கி என்பதையெல்லாம் சாயங்காலம் வரை ஒரு ரூபாய் பிசகாமல் சொல்லுவார். தெருவின் குறை நோட்டை வைத்துக்கொள்ளும் பொறுப்பைக் குழு அவரிடம் கொடுத்தபோது, “நோட்டுல கோடு போட்டு மேல குடம், விளக்கு, சாக்கடைன்னு படமா வரைஞ்சு குடுங்க தாயி, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றார். பள்ளிப் பிள்ளை ஒருத்தி வரைந்து கொடுத்தாள். தண்ணீர் வராத நாளில் குடத்தின் கீழ் ஒரு கோடு, விளக்கு எரியாத இரவில் விளக்கின் கீழ் ஒரு கோடு. மாதக் கடைசியில் அந்தக் கோடுகளை எண்ணிச் சொன்னால் போதும். மனு எழுதுபவருக்கு வேண்டிய ஆதாரம் அத்தனையும் அதில் இருந்தது. பின்னர் நான் போன மற்ற இடங்களிலும் அதே படம் போட்ட நோட்டையே எடுத்துச் சென்றேன்.

தெருவின் வரைபடம் வரைவதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். பங்கேற்பு முறை ஆய்வு என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லிக் கொடுப்பார்கள். நம் ஊரில் அதற்குக் கோலப்பொடியைப் போல உகந்த கருவி வேறில்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தெருவின் அகலமான இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, பெண்கள் வெள்ளைப் பொடியில் தெருக்களை இழுப்பார்கள். செங்கல் பொடியில் சாக்கடை. புளியங்கொட்டை வைத்தால் குழாய் இணைப்பு இல்லாத வீடு. சிப்பி வைத்தால் கழிப்பறை இல்லாத வீடு. கடற்கரையில் சிப்பிக்கா பஞ்சம்! ஆண்கள் முதலில் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு ஒருவர், “அந்தச் சந்து அப்படித் திரும்பாதும்மா, கம்மாக்கரை பக்கமாப் போகும்” என்று திருத்துவார். அவர் கையிலும் பொடியைக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் வேடிக்கை பார்ப்பவராக இருக்க மாட்டார்.

அப்படி வரைந்த ஓர் இடத்தில், எங்களுக்கு முன்பே தயாராக இருந்த கோரிக்கை, தெருமுனையில் உயர்கோபுர விளக்கு வேண்டும் என்பது. இளைஞர்கள் கேட்டது அது. கவுன்சிலருக்கும் அதில் விருப்பம், ஏனெனில் திறப்பு விழா வைக்கத் தகுந்த பொருள் அது. வரைபடத்தில் சிப்பிகளை வைத்து முடித்தபோது, கழிப்பறை இல்லாத வீடுகள் அத்தனையும் கடலோரக் கடைசிச் சந்தில் குவிந்திருந்தன. அங்கிருந்து பொதுக் கழிப்பறைக்குப் போகும் பாதையில் ஒரு விளக்குகூட இல்லை. இருட்டிய பின் அந்தப் பாதையில் போவதற்குப் பயந்து மாலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு என்பது அன்றைக்குத்தான் ஆண்கள் காதில் விழுந்தது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. உயர்கோபுர விளக்குக் கோரிக்கைக்குப் பதிலாக அந்தப் பாதைக்கு நான்கு சாதாரண விளக்குகள் என்று நோட்டில் எழுதப்பட்டது. தரையில் வரைந்ததை அன்றிரவே தாளில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கடல் காற்று காலை வரை எதையும் விட்டுவைக்காது.

தண்ணீர்ப் பிரச்சினை வேறு வகையான திறனைக் கேட்டது. இராமநாதபுரம் என்றாலே நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் வரிசையாகக் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் பெண்கள்தான் எவர் நினைவுக்கும் வருவார்கள். திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் வரும் தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் எத்தனையோ ஊர்களைக் கடக்கிறது; அதன் வால்முனையில் இருப்பவர்கள் நாங்கள். ஒரு தெருவில் கடைசி வீடுகளுக்குத் தண்ணீரே வருவதில்லை என்று நெடுங்காலமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மனுவில் எழுதியிருந்தது ‘தண்ணீர் சரியாக வரவில்லை’ என்பது மட்டும். அதைப் படிக்கும் அலுவலருக்கு அது அன்று வந்த பல மனுக்களில் ஒன்று.

அளந்து பார்ப்போம் என்று முடிவானது. காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்று, கைப்பேசியில் உள்ள கடிகாரம் ஒன்று. தெருவின் முதல் குழாயிலும் நடுக் குழாயிலும் கடைசிக் குழாயிலும் தண்ணீர் விடும் ஒவ்வொரு நாளும் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்தாம் வகுப்பு மாணவர்கள் இருவர் குறித்தார்கள். கடைசிக் குழாயில் பல மடங்கு நேரம் ஆனது. அதில் ஆச்சரியம் ஏதுமில்லை. தண்ணீர் திறந்துவிட்ட முதல் சில நிமிடங்களில் கடைசிக் குழாயிலும் ஓரளவு வேகம் இருந்து, பிறகு சட்டென்று விழுந்ததுதான் ஆச்சரியம். காரணத்தைத் தேடிப் பெரிதாக அலைய வேண்டியிருக்கவில்லை. நடுத்தெருவில் சில வீடுகள் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று குழுவின் பொருளாளருடைய நாத்தனார் வீடு.

இத்தகைய இடத்தில்தான் பங்கேற்பு என்ற சொல்லுக்கு எடை கூடுகிறது. அரசாங்கத்திடம் ஒன்றாகச் சேர்ந்து கேட்பது எளிது. நாம் ஒருவரையொருவர் கேட்பது கடினம். நகராட்சிக்குப் புகார் கொடுத்து மோட்டாரைப் பறிமுதல் செய்ய வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வயதான பெண்கள் அதை ஏற்கவில்லை. நாளைக்கு ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் அதே வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். முடிவில், அளவுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பொருளாளரே தன் நாத்தனார் வீட்டுக்குப் போனார். குற்றம் சொல்லாமல் எண்களை மட்டும் படித்துக் காட்டினார். தண்ணீர் திறந்த முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடுவதில்லை என்று தெரு அளவில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டு, மோட்டார் வைத்திருந்த எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். மோட்டார் வைப்பது சட்டப்படி தவறு என்பதால் இந்த உடன்பாட்டைக் குறை சொல்லுபவர்கள் உண்டு. கடைசி வீட்டுக் குடம் நிரம்புகிறதா என்பதே எனக்கு முக்கியம். அதன் பிறகும் குறைந்த அழுத்தத்துக்குக் குழாய்ப் பழுதே காரணம் என்று எழுதிய மனுவை, அளவுக் குறிப்பேட்டின் நகலுடன் கொடுத்தபோது, அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்த்தார்.

மனு எழுதுவதில் நடைமுறைப் பாடங்கள் சில உண்டு. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். குடிநீர், விளக்கு, பட்டா மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது மூன்று மேசைகளுக்கிடையே தொலைந்துபோகும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும், முதலமைச்சரின் உதவி மையத் தொலைபேசி எண்ணான 1100இல் சொன்னாலும், பதிவு எண்ணை வாங்காமல் திரும்பக் கூடாது. ஓர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்த பதிலில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது’ என்று மட்டும் இருந்தது. தெருவில் ஒரு கல்கூட நகரவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன், எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, எந்தத் தேதியில், மதிப்பீடு எவ்வளவு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல் கிடைக்குமா என்று கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதிலுக்கு முன்னதாக வேலையாட்களே வந்துவிட்டார்கள். கோபமான வாக்கியம் ஒன்றுகூட அந்த விண்ணப்பத்தில் இல்லை. இச்சட்டத்தைப் பயன்படுத்துவதில் அதுவே பாதித் திறன்.

நகர்ப்புற மக்களுக்குக் கிராமசபை போன்ற ஒரு மேடை நெடுங்காலம் இல்லாமலிருந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. எங்கள் ஊர்கள் அந்த அளவுக்கு அருகில்கூட வராதவை. தமிழ்நாட்டில் 2022இல் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதிக்குமான மக்கள் சபையாகிய பகுதி சபைக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்தில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. இது வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இதன் பலத்தை மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். பகுதி சபை பரிந்துரைக்கலாம். பணம் ஒதுக்கும் அதிகாரம் மன்றத்திடம் இருக்கிறது. அறிவிப்பு கடைசி நேரத்தில் வருகிறது. பல வேளைகளில் நலத்திட்ட அறிவிப்புகளை வாசிக்கும் மேடையாகவே முடிந்துவிடுகிறது.

அப்படியிருந்தும் அதற்குத் தயாராகப் போனவர்களுக்கும் சும்மா போனவர்களுக்கும் வேறுபாடு தெரிந்தது. கூட்டத்துக்கு முந்தைய இரவு, குழுப் பெண்கள் அங்கன்வாடியில் ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் கவுன்சிலராகவும் ஒருவர் பொறியாளராகவும் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச வேண்டும். எங்கே, என்ன குறை, எத்தனை வீடுகளுக்கு, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கையும் சொல்லி முடித்துவிட வேண்டும். பொறியாளராக நடித்த பெண் நிஜப் பொறியாளர்களைவிடக் கடுமையாகக் குறுக்குக் கேள்வி கேட்டு எல்லாரையும் திணறடித்தார். மறுநாள் பேசியவர்களில் ஒருவர், வழக்கமாகத் தன் கணவர் வழியாகவே எதையும் சொல்லும் பெண். பேசி முடித்த பிறகு, “இத தீர்மானமா எழுதி, எனக்குப் படிச்சுக் காட்டுங்கண்ணே” என்று கவுன்சிலரிடம் கேட்டார். தீர்மான நோட்டு எழுதிப் பழகியவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

தொழிற்பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. நலிந்த பகுதி என்றால் உடனே தையல் வகுப்பு என்பது ஓர் அனிச்சைச் செயலாகிவிட்டது. ஒரே தெருவில் எல்லாரும் தையல் கற்றால் யாருடைய துணியை யார் தைப்பது? எங்கள் பக்கத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பது, குழாய் வேலை, மின்சார வேலை, கருவாட்டைச் சுத்தமாக உலர்த்திப் பொட்டலம் கட்டுவது ஆகியவற்றுக்குத் தேவை இருக்கிறது. குழாய் வேலை கற்ற இரண்டு இளைஞர்கள் கூலிக்கும் போகிறார்கள், தெருக்குழாயின் சிறு கசிவையும் சரி செய்கிறார்கள். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி போன்ற முயற்சிகள் இருக்கும் பகுதி இது. இங்கே ஒலிப்பதிவும் பேட்டி எடுப்பதும்கூடப் பிள்ளைகள் கற்கத்தக்க கைத்தொழில்தான்.

பாசி சேகரிக்கும் பெண்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு வழங்கும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்ததை எங்கள் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பாசி சேகரிக்கும் பெண்கள், கடல்சார் தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளுக்கு நடுவே தங்கள் தொழில் உரிமைக்காக வனத்துறையோடு பேசினார்கள். அதோடு மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பும் வைத்துக்கொண்டார்கள். கேட்கும் திறனும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் ஒரே இடத்தில் வளர்ந்த உதாரணம் இதைவிட அருகில் எங்களுக்கு இல்லை.

திறமையான ஒருத்தி உருவானவுடன் எல்லா வேலையும் அவள் தலையில் விழுவது பெரும் ஆபத்து. ‘அக்காகிட்ட கேளுங்க’ என்பது தெருவின் பதிலாகிவிட்டால், அக்கா கட்சியில் சேர்ந்தாலோ மகள் பிரசவத்துக்கு வெளியூர் போனாலோ எல்லாம் நின்றுவிடும். ஆகவே அலுவலகம் செல்வதானால் இருவராகச் செல்வது, அவர்களில் ஒருவர் இதற்கு முன் போகாதவராக இருப்பது என்று பழக்கினோம். நேரம் இரட்டிப்பாகும், பேருந்துச் செலவும்தான். அந்தச் செலவைக் குழு நிதியிலிருந்து கொடுக்கச் சண்டை போட்டேனும் தீர்மானம் வாங்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து பொதுக்காரியத்துக்குப் போகிற பெண்ணிடம் சேவை மனப்பான்மை பற்றிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

இன்னும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. பகுதி சபை என்பது வாக்காளர்களின் சபை. வாடகைக்குக் குடிவந்து வேறு ஊரில் வாக்குள்ளவர்கள், வாடிகளில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத்தார் ஆகியோர் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். அதே இருட்டுப் பாதையில் நடக்கிறார்கள். அவர்கள் வீடுகளையும் கோலப்பொடி வரைபடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு குடியிருப்பில் பெண்கள் முடிவெடுத்தார்கள். வரி கட்டுகிறவர்கள் நாங்கள் என்று வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். இப்போதைக்குக் குறை நோட்டில் அவர்களுக்கென்று தனிப் பக்கம் ஒன்று இருக்கிறது, அவர்களுடைய மனுக்களைக் குழுவின் பெயரில் கொடுக்கிறார்கள். கூட்டத்துக்கு அவர்களை அழைப்பதா என்பது அடுத்த தடைக்காலத்தில், ஆண்களும் கரையில் இருக்கும்போது பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாக நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது.